கரப்பான் பூச்சி மருந்து அடித்த அறை

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு நூற்பாலைக்கு பிரான்ஸிலிருந்து புது மெஷின் வந்து இறங்கியது. அதைப் பொருத்தி ஓட்டிக் கொடுக்க ஒரு மெக்கானிக்கும் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ', 'தேங்க்யூ' தவிர எதுவும் வராது. முதலில் செல்போனை வைத்து மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மில் இரைச்சலில் அது அவர் சொன்னதை விட்டுவிட்டு வேறு என்னவோ சொல்லியிருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடியபோது யாரோ என்னைச் சொல்லிவிட்டார்கள்.

நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் பிரெஞ்சு படித்து, அதற்கு மேல் ஒரு டிப்ளமோவும் முடித்தேன். கல்யாணமாகி ராஜபாளையம் வந்த பதினோரு வருடத்தில் யாரிடமும் ஒரு வரி பிரெஞ்சு பேசியதில்லை. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நானும் மாமியாரும்தான் வீட்டில். மில்லிலிருந்து கார் வந்து என்னை அழைத்துப் போனபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய அகராதியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு போனேன்.

வேலை இதுதான். அவர் பிரெஞ்சில் சொல்வதை, குஜராத்திலிருந்து வந்திருந்த இரண்டு என்ஜினீயர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சாயங்காலம், அன்றைக்கு அவர் சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். வேலை என்ன ஆனது, அவருக்கு என்ன தேவை, என்ன குறை என்று எல்லாமே அதில் இருக்க வேண்டும்.

மெஷின் விஷயத்தில் எனக்கு ஒரு தடங்கலும் வரவில்லை. சங்கடம் தேநீர் வேளையில்தான். அப்போது அவர் என் பக்கம் திரும்பித் தன்னைப் பற்றி ஏதாவது சொல்வார்.

இரண்டாவது வாரம் ஒருநாள், சாறு என்ற சொல் வருகிற மாதிரி ஏதோ சொன்னார். பிரெஞ்சில் 'ப்ளு' என்றொரு சொல் உண்டு. 'அதிகம்' என்றும் பொருள், 'இனி இல்லை' என்றும் பொருள். நான் முதல் பொருளை எடுத்துக்கொண்டு, 'கூடுதலாக ஜூஸ் கேட்கிறார்' என்று எழுதிவிட்டேன். மறுநாளிலிருந்து காலையும் மாலையும் அவர் முன்னால் ஒரு பெரிய டம்ளர் சாத்துக்குடி ஜூஸ் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், எடுத்துக் குடித்தார்.

இன்னொரு நாள் 'தட்டை' என்று பொருள்படும்படி ஏதோ சொன்னார். படுக்கை தட்டையாக இருக்கிறது போலும் என்று எழுதினேன். மில் கெஸ்ட் ஹவுஸில் அவருக்கு மெத்தை மாற்றினார்கள்.

அதற்கு அடுத்த வாரம், 'எனக்குக் கரப்பான் பூச்சி இருக்கிறது' என்றார். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. மழைக்காலம், பழைய கட்டடம், இருக்கத்தான் செய்யும். எழுதிக் கொடுத்தேன். மறுநாளே ஆள் வந்து அறை முழுக்க மருந்து அடித்துவிட்டுப் போனார். அன்று மாலை மெக்கானிக் தன் அறை வாசலில் நின்று, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. அதற்குப் பிறகு தேநீர் வேளையில் அவர் தன்னைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். குறை தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. ஜூஸ் கொடுத்தாயிற்று, மெத்தை மாற்றியாயிற்று, மருந்தும் அடித்தாயிற்று, அப்படியும் மனிதர் முகம் கொடுத்துப் பேசுவதில்லையே என்றார். வேலையும் தள்ளிக்கொண்டே போனது. எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவர், வேறு ஆளை அனுப்புங்கள் என்று அவருடைய கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயார் செய்யச் சொன்னார். அதையும் நான்தான் டைப் செய்தேன். திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைக் காட்டிவிட்டு வரும்படி மில் காரைக் கொடுத்தார்கள். நானும், கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரரும் கூடப் போனோம். சேத்தூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். தேரடிப் பக்கம் காரை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்ததும் அந்த உயரமான மனிதர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பால்கோவா கடைக்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

பெண் டாக்டர். என்ன செய்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பிரெஞ்சில் கேட்டேன். அவர் கண்ணை மூடியபடியே ஏதோ முனகினார். அதில் காலுறை என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. காலுறைக்குள் என்னவோ இருக்கிறதாம் என்றேன். டாக்டர் அவருடைய காலுறைகளைக் கழற்றி, பாதத்தில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். அவர் கண்ணைத் திறந்து, டாக்டர் தன் காலைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு. சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

சரியாகச் சாப்பிடாததால் வந்த மயக்கம்தான் என்று சொல்லி டாக்டர் டிரிப்ஸ் ஏற்றினார். நான் வெளியே வந்து நின்றேன். சமையல்காரர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"யம்மா, நான் சொன்னா தப்பா எடுத்துக்கிடாதிய. அவிய ஒரு வாரமா சோத்தத் தொடல. போன்ல ஒரு பொம்பளப் பிள்ள படத்தையே பாத்துக்கிட்டு இருக்காவ. மருந்தடிச்ச அன்னைக்கி, ராத்திரி பூரா வராண்டாலயே உக்காந்திருந்தாவ. அது பூச்சித் தொந்தரவு மாதிரி எனக்குத் தெரியல."

பிரெஞ்சில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர் அவர். எனக்கு அகராதியே மனப்பாடம். உள்ளே போய் மெக்கானிக்கின் கட்டில் அருகே உட்கார்ந்து, எனக்குப் புரியவில்லை, தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள், அந்தக் கரப்பான் பூச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் ஊசி குத்தாத கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர்கள் ஊரில் மனம் சோர்ந்து கிடப்பதைத்தான் கரப்பான் பூச்சி பிடித்திருக்கிறது என்பார்களாம். உடம்பில் தெம்பே இல்லை என்பதற்குத்தான் 'சாறு தீர்ந்துவிட்டது'. காற்றுப் போன டயர் மாதிரி ஆகிவிட்டேன் என்பதுதான் 'தட்டை'. உற்சாகமெல்லாம் வடிந்து காலுறைவரை இறங்கிவிட்டது என்பதைத்தான் டாக்டரிடம் சொன்னாராம். அகராதியில் நான் தனித்தனிச் சொல்லாகப் படித்தவற்றை எல்லாம் ஊர் ஜனங்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமலே டிப்ளமோ வாங்கியிருக்கிறேன்.

அவருக்கு ஒரே மகள். ஏதோ மனஸ்தாபத்தில் நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. அவர் இங்கே வந்து இறங்கிய வாரம் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. குழந்தை பிறக்கப் போகிறது, அப்போது நீங்கள் இருப்பீர்களா என்று. மெஷின் ஓடும்வரை ஊர் திரும்பக் கூடாது என்பது ஒப்பந்தம். நேரடியாக லீவு கேட்க அவருக்குக் கூச்சம். நான் எழுதிக் கொடுப்பது மேனேஜருக்குப் போகிறது என்று தெரிந்துதான் என்னிடம் மனசைத் திறந்திருக்கிறார். மருந்து அடித்ததும், இதுதான் மேனேஜரின் பதில் என்று நினைத்துவிட்டாராம். உன் சோகத்தை எங்களிடம் கொண்டுவராதே என்று கேலியாகச் சொல்கிறார்கள் என்று.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜர் முன்னால் போய் நின்றேன். வேலை போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, இம்புட்டு நாளா நீங்க எழுதிக் குடுத்தது எதுவுமே அவர் சொன்னது இல்லியா?"

"மெஷினைப் பத்தி எழுதுனது எல்லாம் சரிதான் சார். அவரைப் பத்தி எழுதுனதுதான் தப்பு."

மேனேஜர் மேஜை டிராயரைத் திறந்தார். நான் டைப் செய்த கடிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார். மெக்கானிக்குக்குப் பதிலாக ஆள் வரும்வரை வேலை நின்றாலும் பரவாயில்லை, மகளைப் பார்க்க அனுப்பிவைக்கிறோம் என்று எழுதச் சொன்னார். அன்றைக்கு ஒவ்வொரு வரியையும் சரிதானா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

டிக்கெட் கிடைத்துக் கிளம்ப நான்கு நாள் ஆகிவிட்டது. மதுரையில் ஏறி, சென்னையில் மாறி, அவர் ஊர் போய்ச் சேர்வதற்கு முந்தின நாளே பேத்தி பிறந்துவிட்டாள். நான் அந்தக் கரப்பான் பூச்சியை அன்றே புரிந்துகொண்டிருந்தால் அவர் அங்கே இருந்திருப்பார். இதை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. குழந்தையைக் கையில் வைத்திருக்கும் படத்தை அனுப்பி, கீழே 'என்னிடம் பீச் பழம் இருக்கிறது' என்று எழுதியிருந்தார். இப்போது நான் அவசரப்படவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டு, ரொம்பத் தெம்பாக, சந்தோஷமாக இருக்கிறாராம் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

அந்த வாரம் என் கணவர் போன் செய்தார். அவர் எப்போதும் பேசுவது போலத்தான் பேசினார். மழை பெய்கிறதா, அம்மா மாத்திரை போட்டாளா என்று கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்லட்டி, உடம்புதான் ஒரே அசதியா இருக்கு" என்றார். இந்த வரியை அவர் எத்தனை வருடமாகச் சொல்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் டானிக் குடியுங்கள், வெயிலில் அலையாதீர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்று அதைச் சொல்லவில்லை.

"உடம்புதானா?" என்று கேட்டேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"வீட்டுக்கு வரணும் போல இருக்கு" என்றார்.

உடனே வர முடியாது, கடன் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் வேறெதுவும் பேசாமல் போனைக் காதில் வைத்தபடி ரொம்ப நேரம் இருந்தோம். அவர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார், நான் இன்னமும் இங்கேதான். தூரத்தை என்னால் குறைக்க முடியாது. ஆனால் அத்தனை தூரத்திலிருந்து வரும் ஒரு சொல்லை, எனக்குத் தெரிந்த பொருளோடு மட்டும் இனி நான் எடுத்துக்கொள்வதே இல்லை.