மகாளயத்தில் வாங்கிய வண்டி

கோலாப்பூர் வெல்லமண்டிக் குமாஸ்தா தாமோதர் சலோக்கேவுக்கு உயரம் குறைவு, வாய் நீளம். எந்த மோட்டார் சைக்கிளில் ஏறினாலும் கால் தரையைத் தொடாது. அதனால் தலை நரைக்கும்வரை ஸ்கூட்டிதான். மச்சினன் ரஞ்சித் வரும்போதெல்லாம், "அத்தான், அக்கா வண்டிய இன்னும் விடலையா?" என்பான். அவன் வாயை அடைப்பதே இவருடைய வாழ்நாள் லட்சியம். பெரிய லட்சியம்தான், போங்கள்!

க்ரூஸர் ரக பைக் என்றால் இருக்கை தாழ்வு, கால் எட்டும். புதிதாக வாங்க வக்கில்லை. பழைய வண்டி விற்கும் இனாம்தாரிடம் போனார். அதுவும் மகாளய பட்சத்தில்! அப்போது ஊரில் ஒருவரும் ஊசிகூட வாங்கமாட்டார்கள், அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்று கணக்கு. கிடைத்தது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக நடுக்கம். செத்துப்போன அப்பா கோபித்துக்கொள்வாராம்.

"பணத்த முழுசா குடுத்துட்டேன். வண்டி இங்கயே நிக்கட்டும். தசராவுக்கு எடுத்தாத்தான் வாங்கினதா கணக்கு."

"உங்க மூளை யாருக்கு வரும் சாஹேப்! என் பிள்ளை மாதிரி பாத்துக்கறேன்" என்றார் இனாம்தார்.

அப்பாவையும் வியாபாரியையும் ஒரே அடியில் ஏமாற்றிவிட்ட பூரிப்பு தாமோதருக்கு. தசராவரை அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

தசராவன்று வண்டிக்குச் சாமந்தி மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சை, தெரு முழுக்கப் பேடா. மனைவி மங்கல் ஆரத்தி எடுத்து முடிக்கவும், ஊர் வழக்கப்படி தசராவில் தங்கம் என்று கொடுக்கும் ஆத்தி இலையோடு ரஞ்சித் வரவும் சரியாக இருந்தது. வந்தவன் மாலையை விலக்கி டேங்கைத் தடவினான்.

"அட, இது நம்ம வண்டியாச்சே!"

"உன் வண்டியா?"

"போன வாரம் இதுலதான் கோவா போனோம். இனாம்தார் வாடகைக்கு விட்டான். இந்தக் கீறல் அம்போலி மலையில நான் கீழ போட்டது. எவனோ ஒரு கிறுக்கன் காசக் கட்டிட்டு, தசரா வரைக்கும் தொடமாட்டேன்னு போயிட்டானாம். சிரிச்சு சிரிச்சு எங்களுக்கு வயிறே வலிச்சுடுச்சு..."

மங்கல் புருஷனைப் பார்த்தாள். ரஞ்சித்தும் பார்த்தான். அவமானத்தில் காது சிவந்த தாமோதர் வண்டியில் ஏறினார். முதல் ஓட்டம் மகாலட்சுமி கோயிலுக்கல்லவா? கால் தரையைத் தொட்டது. வண்டி மட்டும் கிளம்பவில்லை. எத்தனை முறை ஸ்டார்ட்டரை அழுத்தியும் இருமியதே தவிர உறுமவில்லை.

"இறங்குங்க அத்தான், இதுக்கு ஒரு பக்குவம் இருக்கு" என்று ரஞ்சித் ஏறினான். உடனே கிளம்பியது. "உக்காருங்க, கோயில் வரைக்கும் நானே விடறேன்."

தாமோதர் பின்னால் உட்கார்ந்தார். கால் அந்தரத்தில் தொங்கியது. தெருமுனையில் பேடாவை மென்றுகொண்டிருந்த தெருக்காரர் ஒருவர் கையசைத்தார்.

"புது வண்டியா ரஞ்சித்? அத்தானுக்கு ஒரு ரவுண்டு காட்டறியா?"