புதுநகரத்துக்குப் போன எட்டாவது பார்சல்

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைத் தாண்டி வேறெங்கும் அது புழங்கவில்லை. பார்சல் பிரிக்கும் கூடத்தில் எல்லாருக்கும் அவர் மேப்பு, நடமாடும் ஊர்ப்படம். இருபத்தாறு வருஷமாக ஒரே மேசை. ஊர்ப் பெயர் குழம்பிப்போனவை, மழையில் நனைந்து எழுத்து கரைந்தவை, மாவட்டமே போடாமல் ‘பெரிய பாலம் பக்கம்’ என்று மட்டும் எழுதி அனுப்பப்பட்டவை, எல்லாம் கடைசியில் அந்த மேசைக்குத்தான் வந்து சேரும். மேப்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்சலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஊரைச் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: ‘பேரை நம்பாதே, முதல்ல அஞ்சல் எண்ணைப் பாரு.’ அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை ஏன் மறைப்பானேன்.

மதியம் ஒன்றே காலுக்கு எடைமேடைக்குப் பின்னாலிருக்கும் நீள பெஞ்சில் மூன்று பேர் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். ஒருவர் மேப்பு. இன்னொருவர் எடை போடும் அக்கா. கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார், ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். மூன்றாவது ஆள் வண்டியிலிருந்து மூட்டை இறக்குபவர். வாலிபத்தில் கால்பந்தில் சென்டர் பார்வர்டாக ஆடியதால் பெயரே சென்டர் என்றாகிவிட்டது. ஆடியது மூன்று வருஷம். அதைப் பற்றிப் பேசுவது முப்பது வருஷமாக நடக்கிறது.

அன்றைக்கும் பேச்சு பந்தில்தான் ஆரம்பித்தது.

“நேத்து புதுநகரம் ஜெயிச்சிருச்சு, பார்த்தீங்களா?” என்றார் சென்டர்.

“எந்தப் புதுநகரம்?” என்றார் அக்கா. “நாலு இருக்கே. ஆத்துப் புதுநகரமா, மலைப் புதுநகரமா?”

“ரயில் புதுநகரம்க்கா. கடல் புதுநகரத்தைத்தான் தோற்கடிச்சது. ரேடியோக்காரன் புதுநகரம் புதுநகரத்துக்குக் கோல் போட்டுச்சுன்னு கத்துறான். யாரு யாருக்குப் போட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நாலுல ஒண்ணுகூடப் புதுசு இல்ல,” என்றார் மேப்பு. அது அவர் வழக்கமாகச் சொல்கிற ஜோக். மற்ற இருவரும் வழக்கம்போலச் சிரித்து வைத்தார்கள்.

சென்டர் அக்காவின் டப்பாவுக்குள் கையை விட்டார். “என்னக்கா குழம்பு இது, நேத்து வச்சதா?”

“நேத்து வச்சதுதான். நேத்தைவிட இன்னைக்கு நல்லா இருக்கும். பிடிக்கலேன்னா கையை எடு.”

“பிடிக்கலேன்னு யார் சொன்னா?” வாய் நிறையச் சோற்றோடு சென்டர் மறுபடியும் பந்துக்கே போனார். “கடைசி பத்து நிமிஷம் கடல்காரப் பசங்களுக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. ஓட முடியல. வியர்வையோட உப்பெல்லாம் போயிருச்சு, பின்ன எப்படி ஓடுவான்? நம்ம மேப்பு பேரீச்சம்பழ உருண்டையில உப்பு போடுவான் பாருங்க, அதுல ஆளுக்கு ஒண்ணு கொடுத்திருந்தா…”

பாதியில் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்காவின் கை குழம்பிலேயே நின்றுவிட்டது.

மேப்பு டப்பாவை மூடினார். பேரீச்சம்பழமும் எள்ளும் வேர்க்கடலையும் இடித்து உருட்டி, அதில் கல்லுப்பைப் பொடித்துப் போடுவது அவர் ஒருவருக்கே தெரிந்த கைப்பக்குவம். மனைவி இறந்தபோது பையனுக்குப் பதினொரு வயது. அதன்பிறகுதான் அவர் அடுப்படியே கற்றுக்கொண்டார். பையன் ஓட்டக்காரன், ஆயிரத்தைந்நூறு மீட்டர். ஓடிவிட்டு வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுவான் என்பதால் இனிப்பில் உப்பைச் சேர்த்துப் பார்த்தார். அவனுக்காக மட்டும் செய்தது அது. இந்த பெஞ்சுக்கு ஒருநாளும் அவர் அதைக் கொண்டுவந்ததில்லை. கடந்த ஏழு மாதமாக அந்த உருண்டை மாதம் ஒரு டப்பா, ரயில் புதுநகரத்தில் இருக்கும் பையனுக்குப் பார்சலாகப் போய்க்கொண்டிருக்கிறது.

“அதுல உப்பு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் மேப்பு.

சென்டர் எழுந்து தன் சாமான் அலமாரியைத் திறந்து காட்டினார். கோணிப்பைக்கு அடியில் ஏழு தகர டப்பா, கழுவித் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக.

“ஏழும் திரும்பி வந்திருச்சுய்யா. வாங்க மாட்டேன்னுட்டானாம்,” என்றார். “முதல் தடவை உன்கிட்டக் கொடுக்கத்தான் எடுத்துட்டு வந்தேன். நீ டீயைக் கையில வச்சுக்கிட்டு, ‘இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும், தின்னுக்கிட்டிருப்பான்’னே. ஆமாம்யா, சேர்ந்திருச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?”

“அதனால தின்னீங்களா?”

“திங்கிற பொருளைக் குப்பையில போடச் சொல்றியா? நானும் அக்காவும் பின்கொட்டகையில உக்காந்து தின்னோம். தொண்டையில இறங்கவே இல்ல. சத்தியமா.”

மேப்புக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு மாதம் தன்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் மாதக் கடைசியில் ஒருநாள், அந்த உருண்டையைப் பையன் கடிப்பதை மனசுக்குள் பார்த்தபடிதான் அவர் தூங்கப் போயிருக்கிறார். அதுவும் போயிற்று.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “இருந்தாலும் தம்பி, பையனுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது. ஊர் மாறிப் போனது அவன். தப்பை அவன் செஞ்சுட்டு உன்மேல கோபப்பட்டா எப்படி?”

அக்கா அப்படிச் சொன்னதில் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த கதை அதுதான். போன வருஷம் பெரிய அணிக்கு ஆள் எடுத்தார்கள். புதுநகரத்தில் ஓட்டம். பையன் ரயில் புதுநகரத்துக்குப் போவதற்குப் பதிலாக மலைப் புதுநகரத்துக்கு ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினான். அங்கே மைதானத்தில் இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிந்தது, மறுவாய்ப்பு கிடையாது. மேப்பு அதை இதே பெஞ்சில் உட்கார்ந்து கதையாகச் சொல்லியிருந்தார். ‘மேப்பு வீட்டுல பிறந்த பையன் ஊர் தெரியாம மாட்டுக்கு நடுவுல நின்னான்!’ கூடமே சிரித்தது. மறந்துவைத்த சாப்பாட்டுப் பையைக் கொடுக்க வந்த பையன் அந்தச் சிரிப்பின்போது வாசலில்தான் நின்றான். பையை எடைமேடையில் வைத்துவிட்டுப் போனான். அந்த வாரமே வீட்டைவிட்டும் போனான்.

மேப்பு தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, மாதக்கணக்காக வாயில் அடக்கிவைத்ததைத் துப்புவது மாதிரி வேகமாகச் சொன்னார்.

“ஊரை மாத்திச் சொன்னது நான்தான் அக்கா.”

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

“அவன் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் உருண்டை பிடிச்சுக்கிட்டிருந்தேன். கையெல்லாம் பிசுக்கு. ஓட்டத்துக்குக் கூப்பிட்டு வந்த கடிதாசியை என் முகத்துக்கு நேரா நீட்டி, ‘எந்தப் புதுநகரம்ப்பா?’ன்னான். பெரிய மைதானம் இருக்கிறது மலைப் புதுநகரம்தான்னேன். ‘நம்பரைப் பாருப்பா, கண்ணாடியைப் போட்டுப் பாரு’ன்னு ரெண்டு தடவை சொன்னான். கையைக் கழுவச் சோம்பல். ‘எனக்கே சொல்லித் தர்றியாடா?’ன்னேன். அவன் திரும்பி வந்தப்புறம் கடிதாசியை எடுத்துப் பார்த்தேன். நம்பர் பளிச்சுனு இருந்துச்சு. ரயில் புதுநகரம். என் தப்புன்னு ஒரு வார்த்தை வரல. ‘போறவன் நீதானே, நீதானே பார்க்கணும்’னேன். மறுநாள் இங்க வந்து அதையே சிரிப்புக் கதையாக்கினேன்.”

அன்றைக்கு எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது சென்டர்தான். அவர் இப்போது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அக்கா கேட்டார். “இதை அவனுக்கு எழுதினியா?”

“உருண்டைதான் அனுப்பினேன்.”

“உருண்டை என்னத்தைச் சொல்லும்?” என்றார் அக்கா.

அடுத்த மாதப் பார்சலை அவர் எப்போதும்போலக் கட்டினார். ஒன்றே முக்கால் கிலோ. கடிதத்தை டப்பாவுக்குள் வைத்தால் பிரயோஜனமில்லை என்பது இருபத்தாறு வருஷம் பார்சலோடு கிடந்த ஆளுக்குத் தெரியாதா? வாங்க மறுப்பவன் பார்சலைப் பிரிக்க மாட்டான். ஆனால் மறுப்பதற்காவது மேலே இருக்கும் முகவரியைப் பார்த்தாக வேண்டும். ஆகவே பழுப்புத்தாளின்மேல், பையனின் முகவரிக்குக் கீழேயே, கொட்டை எழுத்தில் எழுதினார்.

‘ஊரைத் தப்பாகச் சொன்னது நான். நீ இரண்டு தடவை கேட்டாய், நான் பார்க்கவில்லை. உன் தலையில் பழியைப் போட்டுச் சிரித்ததும் நான்தான். அப்பா.’

அக்கா அதை எடைமேடையில் வைத்துவிட்டுப் படித்தார். “தம்பி, இது கூடம் முழுக்கப் போகும். எல்லாரும் படிப்பாங்க.”

“படிக்கட்டும். அன்னைக்கு எல்லாரும்தானே சிரிச்சாங்க.”

படித்தார்கள். முத்திரை குத்துகிறவர் எல்லா முகவரியையும் உரக்கப் படிக்கும் பழக்கமுள்ளவர். இதையும் அப்படியே ஆரம்பித்து, ‘தப்பாகச் சொன்னது’ வரைக்கும் போய் நிறுத்திக்கொண்டார். மீதியை மனசுக்குள் படித்துவிட்டு முத்திரையை எழுத்தில் படாமல் ஓரமாகக் குத்தினார். அன்றைக்கு மேப்பின் மேசைக்கு யாரும் ஊர் கேட்டு வரவில்லை. அவருக்கு முகம் எரிந்தது. ஆனாலும் மேசையை விட்டு எழுந்து போகவில்லை, சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு நாள் போயிற்று. முந்தின ஏழும் திரும்பி வந்தது பன்னிரண்டாம் நாளில்தான் என்று சென்டர் சொல்லியிருந்தார். அதனால் மேப்பு சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பெஞ்சில் காத்திருந்தார்.

சென்டர் வந்தார். இந்தத் தடவை எதையும் ஒளிக்கவில்லை. இரண்டு கையாலும் பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்து எடைமேடையில் வைத்தார். அக்கா முள்ளைப் பார்த்தார்.

“ஒண்ணே முக்கால்,” என்றார் மெதுவாக. “போனப்ப இருந்த எடைதான் தம்பி.”

எட்டாவதும் வந்துவிட்டது. மேப்பு பெஞ்சை விட்டு எழவில்லை.

“இங்க வந்து பாருய்யா,” என்றார் சென்டர். “இதைப் பாரு.”

போய்ப் பார்த்தார். நூல் அவிழ்க்கப்படவில்லை. முடிச்சும் அவர் போட்டபடியே இருந்தது. ஆனால் மேலே முகவரி இருந்த இடத்தில் பழுப்புத்தாள் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பிளேடால் நேராக, ஓரம் பிசிறில்லாமல் வெட்டி எடுத்திருந்தது. அந்த ஓட்டை வழியாக அடியில் இருந்த அட்டை தெரிந்தது. பையன் இப்போது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வேலையில் இருக்கிறான். அவன் வெட்டினால் நேராகத்தான் வரும்.

பார்சலின் பின்பக்கம், அனுப்புநர் முகவரிக்குப் பக்கத்தில், அந்த ஊர்த் தபால்காரர் பென்சிலால் குறித்திருந்தார். மேப்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘பெறுநர் வாங்க மறுத்தார். முகவரித் தாளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்.’

ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையின் ஓரத்தை விரலால் சுற்றிவரத் தடவினார். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

“என்னய்யா அர்த்தம் இதுக்கு?” என்றார் சென்டர். “வேணுங்கிறானா, வேணாங்கிறானா?”

“உருண்டை வேணாங்கிறான்,” என்றார் மேப்பு.

முடிச்சை அவரே அவிழ்த்தார். டப்பாவைத் திறந்து பெஞ்சின் நடுவில் வைத்தார். முதலில் யாரும் கை நீட்டவில்லை. “எடுத்துக்கங்க அக்கா. எடுய்யா,” என்றார். அக்கா ஒன்றை எடுத்தார். சென்டரும் எடுத்தார். மேப்பும் ஒன்றைக் கடித்தார். மூன்று பேரும் மென்றார்கள்.

“உப்பு சரியாத்தான் இருக்கு,” என்றார் சென்டர், ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று.

தின்று முடித்ததும் மேப்பு குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஈரம் போகத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்து, ஒரு வெள்ளைத்தாளையும் உறையையும் எடுத்துவைத்தார். ஊர்ப் பதிவேட்டை அலமாரியிலிருந்து இறக்கினார். அவர் அதைப் புரட்டி அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரயில் புதுநகரத்தின் எண்ணை விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு இலக்கமாக உறையில் எழுதினார்.