செங்கல் பொடிப் பசை

மகன் வாங்கிய சவரக்கத்தியுடன் அதைத் தீட்டும் தோல்பட்டையும் பசையும் வந்திருந்தன. டப்பாவைத் திறந்ததும் எழுந்த கொழுப்பு வாசனையில் வேலாயுதன் சேட்டனின் முகம் வந்து நின்றது.

மட்டாஞ்சேரி வீட்டுக்கு அப்பாவுக்குச் சவரம் செய்ய வருவார். எனக்கு ஒன்பது வயது. அன்று காலை, கத்தி தீட்ட அப்பா வாங்கி வைத்திருந்த சிவப்புப் பசையை மரப்பாச்சிக்குப் பூசித் தீர்த்துவிட்டேன். பயத்தில், பாத்திரம் தேய்க்கும் செங்கல் பொடியை எண்ணெயில் குழைத்து டப்பாவை நிரப்பினேன். அறியாமல் சேட்டன் அதைத் தோல்பட்டையில் பூசிக் கத்தியைத் தீட்டினார். கூர் கெட்டு, அப்பாவின் தாடை கிழிந்தது.

"ஒனக்குக் கண்ணில்லையா?" என்றார் அப்பா.

சேட்டன் பட்டையைத் தடவி, விரலில் ஒட்டிய பொடியை நெருடிப் பார்த்தார். பிறகு சிவந்திருந்த என் விரல்களைப் பார்த்தார்.

"கை தவறிப்போச்சு சாமி. என்டெ தப்புதான்."

"இனிமே இங்க வரவேண்டாம்."

நான் விரல்களைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன். என்னைக் கடந்து போகையில் சேட்டன் மெல்லச் சொன்னார்: "போய்க் கை கழுவிக்கோ, மோளே."