சோலைமுத்துவின் புகையாத மூட்டம்

நாகலாபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகில் கரி போடுகிறவர்களில் சோலைமுத்து தனி. விறகை இடைவெளியில்லாமல் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, கரிசல் மண்ணால் பூசித் தீயை மூடினால் மூட்டம் பத்து நாள் உள்ளேயே வேகும். வெளியே தெரியாது என்பார்.

அவர் மனைவி உமாராணியின் நுரையீரலுக்குத் தெரிந்திருந்தது. நான் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள். வாரம் இருமுறை போய் அவளுக்கு நெபுலைசர் வைப்பேன். கரியை நிறுத்தாவிட்டால் அவள் தேறமாட்டாள் என்று அவரிடம் நேராகவே சொன்னேன். மறுக்கவில்லை. மூட்டம் போடும் நிலத்திலேயே மோட்டார் செக்கு வைக்க மனுக் கொடுத்தார்.

அங்கேதான் புது விதி குறுக்கிட்டது. புதிதாக எது கட்டினாலும், அந்த நிலம் இதுவரை விட்ட புகையைவிடக் குறைவாகவே விட வேண்டும். மோட்டார் தின்னும் கரண்டும் புகைக்கணக்கில் சேரும். பழைய புகையை அளக்க பிரித்திகா என்ற இளம் அதிகாரி வந்தாள்.

"உங்க மூட்டம் நல்லாப் புகையுமா?"

"மத்தவன் மூட்டம் புகையும்மா. நம்ம மூட்டத்து மேல வெள்ளை வேட்டியக் காயப்போடலாம்."

சொன்னதோடு விடவில்லை, போட்டும் காட்டினார். வெள்ளையாகவே வந்தது. அவள் படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் கடிதம் வந்தது: இந்த நிலத்தின் வரம்புக்குள் ஒரு மிக்ஸி ஓடலாம், செக்கு ஓடாது.

"முப்பது வருசமா இருமுதேன். அது யாரு வீட்டுப் புகையாம்?" என்றாள் உமாராணி.

"அடுப்புப் புகையா இருக்கும்," என்றார் சோலைமுத்து.

"ஆமா, நான் சோறே பொங்காம இருந்திருக்கணும்."

மறு அளவைக்கு நான்தான் மனு எழுதினேன். மோசமான மூட்டம் ஒன்று போடும்படி அவரிடம் சொல்லிவிட்டு, உமாராணியை எட்டயபுரத்தில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். பிரித்திகா வந்த அன்று பார்த்தால், மூட்டத்தில் ஒரு கீற்றுப் புகை இல்லை.

"என்ன இது?" என்று அவரிடம் கேட்டேன்.

"மோசமாத்தான்க்கா அடுக்க நினைச்சேன். கை கேக்கல."

"ஓட்டை போடுங்க."

கடப்பாரையை எடுத்தார், நின்றார், கீழே வைத்தார். நானே வாங்கி நாலு இடத்தில் குத்தி, இரண்டு வாளித் தண்ணீரும் ஊற்றினேன். மஞ்சளாகப் புகை கிளம்பியது. இருமிய பிரித்திகாவிடம் ஈரத்துணி கொடுத்து, காற்று வரும் பக்கமாக நிறுத்தினேன். அவள் கொண்டுவந்திருந்த புகையளக்கும் கருவி கத்த ஆரம்பித்தது. சோலைமுத்து அவளிடம் மெல்ல வந்தார்.

"ஏம்மா, இது என் மூட்டம் இல்லன்னு ஒரு வரி எழுதிக்கிடுங்க."

"அப்படி எழுதினா செக்கும் உங்களுக்கு இல்ல அண்ணாச்சி."

பக்கத்துக் காட்டில் விறகு வெட்டுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"சரி, என்னுதுதான்," என்றார், வாய்க்குள்ளேயே.

செக்கு இப்போது ஓடுகிறது. உமாராணிக்கு வாரம் ஒருமுறை நெபுலைசர் போதுமாக இருக்கிறது. பழைய புகை அளவு அச்சிட்ட அனுமதிச் சீட்டைச் செக்குக் கொட்டகைச் சுவரில் மாட்டிவைக்க வேண்டும் என்பதும் விதி. மாட்டியிருக்கிறார், எழுத்து சுவர்ப்பக்கமாக.