சீர்த்தட்டில் வந்த போன்

கோபம் எனக்குச் சட்டென்று வரும். போவதற்குத்தான் நாள் எடுக்கும். என் தம்பி மேல் வந்த கோபம் தணிய, அவன் புது வீடு கட்டி முடிக்க வேண்டியிருந்தது.

அவனுக்குப் பரமத்தி வேலூரில் செல்போன் கடை. எடப்பாடியில் என் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீரோடு வந்தான். பழத்துக்கும் பட்டுப் பாவாடைக்கும் நடுவில், ஒரு தட்டில் எனக்கென்று ஒரு போன் பெட்டி. மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் முன்பும் அதைத் தூக்கிக் காட்டினான்.

"புராசசர் புதுசு, எட்டு ஜிபி ராம். அஞ்சு வருசத்துக்கு நிக்கவே நிக்காதுங்க்கா."

என் பிறந்த வீட்டுச் சீரை மாமியார் குறை சொல்லாமல் விட்டது அன்று ஒருநாள்தான். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் திணறியது. எழுத்தைத் தொட்டால் யோசித்துவிட்டு வந்தது. காது குத்து வீடியோ இரண்டை ஏற்றியதும் இடமில்லை என்றது. செட்டிங்ஸைத் தேடினால் முகப்பில் எங்குமே இல்லை. மேலிருந்து விரலால் இழுத்தால் ஓரத்தில் ஒரு பல்சக்கரம் வருமே, அதைத் தொட்டு உள்ளே போனேன். ராம் இரண்டு ஜிபி. புராசசர் எந்தக் காலத்ததோ. பெட்டியில் ஒரு பெயர், போனில் வேறு பெயர்.

யாரோ அவன் கடையில் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் போன பழைய போன் அது. புதிதாகத் தெரிய, முகப்பையே மாற்றிக் காட்டும் லாஞ்சர் ஆப் ஒன்றை ஏற்றி, ஐகான், கடிகாரம், வால்பேப்பர் எல்லாவற்றையும் மாற்றி, செட்டிங்ஸை மறைத்து, பின்பக்கத்துக்குத் தடித்த கவரும் போட்டிருந்தான். லாஞ்சரை நீக்கினேன். அடியில் பழைய முகப்பு பல்லை இளித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான், அதுவும் கூடப்பிறந்தவள் சோற்றில்.

யாரிடம் சொல்வது? சீர் மட்டம் என்று எந்தப் பெண்ணும் புகுந்த வீட்டில் வாய் திறக்க மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் செய்தான். கை வறட்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெற்றிலை பாக்கே எனக்குப் போதும். கணவரிடம் மட்டும் சொன்னேன். "அது உங்க ஊட்டுச் சமாசாரம்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

மாமியார் வெளியூரில் இருக்கும் தன் மகளோடு அதில்தான் வீடியோவில் பேசுவார். பாதிப் பேச்சில் படம் நின்றுவிடும்.

"ஏம்மிணி, உன்ற தம்பி குடுத்த போனு இப்படி நிக்குது?"

"டவர் இல்லைங்கத்தை."

அவன் திருட்டுக்கு நான் காவல். ஒவ்வொரு முறை அந்தப் பொய்யைச் சொல்லும்போதும் கறுவிக்கொண்டேன். கடைசியில் அதே மாதிரிக் கவரில் வேறு போன் வாங்கிக்கொண்டு, இதைத் துடைத்துப் பழைய பெட்டியிலேயே போட்டுப் பீரோவில் வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் வாங்கிய சீருக்குத் திருப்பிச் சீர் வைத்தாக வேண்டும். குறைந்தால்தான் பேச்சு வரும். தம்பி புதுமனை புகுவிழாவுக்கு அழைத்ததும் போனை வெளியே எடுத்தேன். லாஞ்சரை நானே ஏற்றினேன். ஐகான்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்தினேன். செட்டிங்ஸை மறந்துவிடாமல் மறைத்தேன். அவன் வேலையைவிட என் வேலை சுத்தம்.

மாமியார் முட்டி வலி என்று வரவில்லை, நல்லதாகப் போயிற்று. ஜிகினாத் தாள் சுற்றிய பெட்டியைத் தட்டில் வைத்துத் தம்பி மனைவியிடம் நீட்டினேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆசையாகப் பிரித்தாள். பெட்டியை அடையாளம் கண்டது அவன் மட்டும். முகம் செத்துப்போயிற்று.

சுற்றி நின்ற சொந்தபந்தம் கேட்கும்படி நிதானமாகச் சொன்னேன். "புராசசர் புதுசு, எட்டு ஜிபி ராம். அஞ்சு வருசத்துக்கு நிக்கவே நிக்காது சாமி."

"உனக்கு எதுக்கு இது? கடையில வேற தாரேன்" என்று மனைவியிடமிருந்து வாங்கப் பார்த்தான்.

"அண்ணி சீராக் குடுத்ததுங்க. நான் ஏன் விடோணும்?" என்று அங்கேயே சிம்மைக் கழற்றி மாற்றிவிட்டாள்.

அன்று பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஆடி நோன்புக்கு முன்னால் அவள் கூப்பிட்டாள். பேச்சு விட்டு விட்டு வந்தது.

"அண்ணி, போனு நின்னு நின்னு போகுதுங்க. அவருகிட்டக் கேட்டா டவர் இல்லைங்கறாரு."

"அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சாமி" என்றேன்.