செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணி நேரம்

பத்திரிகையின் செய்திப் பிரிவில் பதினாறு ஆண்டுகள் இருந்தேன். வேலையின்மை விகிதம் வெளியாகும் நாளில் அந்தச் செய்தியை எழுதுவது என் பொறுப்பு. அந்த எண் ஒரு வீட்டில் எப்படிப் பிறக்கிறது என்பதை அதுவரை நேரில் பார்த்ததில்லை.

என் வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. மனைவிக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அடுத்த வேலை கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். தினமும் ஒன்பதரைக்கு அப்பா வாசல்வரை வந்து டிபன் டப்பாவைக் கையில் கொடுப்பார். ஜனக்புரியில் மெட்ரோ ஏறி, ஒரு பொது நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பங்கள் அனுப்புவேன்.

அன்று நூலகத்தில் மின்சாரம் இல்லை. பன்னிரண்டு மணிக்கே திரும்பிவிட்டேன். கதவு திறந்திருந்தது. அப்பாவுக்கு எதிரே ஓர் இளம்பெண் டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அரசாங்க வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு. வீட்டில் இருக்கும் ஒருவரே மற்றவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லலாம்.

“ஏல, வந்துட்டியா? ஒன்னப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றார் அப்பா. அந்தப் பெண்ணிடம் இந்தியில் தொடர்ந்தார். “மாதச் சம்பளம், பி.எஃப்., சம்பளத்தோட லீவு, எல்லாம் உண்டு, மகளே.”

அந்தப் பெண் ஒவ்வொன்றாக டேப்லெட்டில் தட்டிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றவில்லை. சில மாதம் கழித்து, என் பழைய நாற்காலியில் இருப்பவர் இதையும் சேர்த்துத்தான் செய்தி எழுதுவார்.

“அது தப்பு. எனக்கு இப்ப அந்த வேலை இல்லை” என்றேன் இந்தியில்.

“எப்பலேர்ந்து சார்?”

“நாலு மாசமா.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. முப்பத்தாறு வருடம் வங்கியில் இருந்தவர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “அடிச்சுத் திருத்தினா பக்கத்துல கையெழுத்துப் போடணுமே. எங்க போடணும்?”

“வேண்டாம் அங்கிள். அழிச்சாச்சு.” பிறகு என்னிடம், “போன ஏழு நாள்ல ஒரு மணி நேரம்கூடக் காசுக்கு வேலை செய்யலையா?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் விதி எனக்கு மனப்பாடம். ஒரு மணி நேரம் செய்திருந்தால் போதும், வேலையில் இருப்பவன். அந்த வாரம் தண்ணீர் வடிகட்டி விற்பவர் ஒருவருக்காகக் காசுக்குத் துண்டுப் பிரசுரம் ஒன்றை மொழிபெயர்த்திருந்தேன். சொன்னேன்.

“அப்ப நீங்க வேலை செய்யறவர்தான். நாள்வாரியா சொல்லுங்க. திங்கள்?”

“இல்லை.”

“செவ்வாய்?”

“ஒன்றரை மணி நேரம்.”

“புதன்?”

“இல்லை.”

வியாழன், வெள்ளி, சனி என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு ‘இல்லை’க்கும் அப்பாவின் கட்டைவிரல் பேனா மூடியை ஒருமுறை அழுத்தியது.

எழுந்தபோது அந்தப் பெண் சிரித்தார். “எனக்கும் மார்ச்வரைதான் கான்ட்ராக்ட், சார். அப்புறம் என் வீட்டுக்கு யாராவது வந்து இதையே கேப்பாங்க.”

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

“டப்பாவ எங்க வச்சுல சாப்புடுத?”

“லைப்ரரிக்குப் பின்னால ஒரு பெஞ்ச் இருக்குப்பா.”

“ஒன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப எனக்குச் சொல்லத்தான் கவர்மென்ட்லருந்து ஆள் வரணும்.”

பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் ஒன்பதரைக்குப் பையோடு வாசலுக்கு வந்தேன். அப்பா அங்கே இல்லை. டப்பாவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் என் இடத்தில் ஒரு தட்டில் மதியச் சாப்பாடு இருந்தது. அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தது.