சாம்பிள் காட்டாமல் சாவி இல்லை

நான் சின்னச் சின்னப் படங்கள் எடுப்பவள். எப்போதும் பெண்ணைக் காதலிக்கும் பெண்களின் கதைகள்தான். சென்னை, கொழும்பு, கோலாலம்பூர் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், யார் யார் வீட்டிலோ உட்கார்ந்து, "உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி முழிப்பாள். அந்த முழியைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. என்னிடம் மட்டும் யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

போன வருடம் சொந்த ஊரிலேயே ஒரு கதை எடுக்கத் தோன்றியது. பனியன் கம்பெனியில் ஒரு டெய்லர். அவளுக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்கும் கைமடிப் பெண் ஒருத்தி. இருவரும் காதலிக்கிறார்கள். இடத்துக்கு அலைய வேண்டாம், திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் எங்கள் பனியன் யூனிட்டே இருக்கிறது. அப்பா போன பிறகு அதை ஓட்டுவது அம்மாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி வேண்டும் என்றேன்.

அம்மாவுக்குக் கேள்வி கேட்காமல் சோறு இறங்காது.

"என்ன கதை கண்ணு? யாரு நடிக்கறா? கடைசில என்னாகுது?"

"ரெண்டு பொண்ணுங்க ஒண்ணா வேலை பார்க்கறாங்கம்மா."

"அது எல்லாக் கம்பெனிலயும் நடக்குது. அதுல என்ன கதை?"

மழுப்பினேன். அம்மா விடவில்லை. "சாம்பிள் காட்டாம இங்க யாருக்கு ஆர்டர் கிடைக்குது? ஒரு சீன் எடுத்துக் காட்டு. அப்பறம் சாவி தர்றேன்."

திருப்பூர்க்காரிக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சரக்கு வாங்கும் பையர் சாம்பிளைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மொத்த ஆர்டரும் மெஷினில் ஏறும். சாம்பிளை ஒரு மாதிரி காட்டிவிட்டு, சரக்கை வேறு மாதிரி தைத்து அனுப்புவதுதான் இங்கே பெரிய திருட்டுத்தனம். அதைத்தான் நான் செய்தேன். சாவியும் கிடைக்க வேண்டும், அம்மாவுக்கு எதுவும் தெரியவும் கூடாது.

டெய்லராக நடித்தவள், கோயம்புத்தூரில் நான் யாரோடு வாழ்கிறேனோ அவள். அம்மாவைப் பொறுத்தவரை என் ஃப்ரெண்ட். கைமடியாக நடிக்க யாரும் அகப்படாததால் நானே நின்றேன். வீட்டுப் பின்னறையில் கிடந்த பழைய மெஷினில் அவள் தைத்தாள், நான் வாங்கி அடுக்கினேன். டீ வந்தது, குடித்தோம். கதையின் உயிரே இருவரும் பார்த்துக்கொள்ளும் இடம்தான். அதை மட்டும் கழற்றிவிட்டேன்.

மறுநாள் சமையலறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். அவளும் பக்கத்தில் நின்றாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செக்கிங் டேபிளில் பனியனைப் புரட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னாள்.

"ஏங்கண்ணு, படமே இப்படித்தானா?"

"ஆமாங்கம்மா."

"சாம்பிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணுன்னு என்றகிட்டயே ஓட்டப் பாக்கறியா?" அம்மா அவளைக் கை காட்டினாள். "இந்தப் புள்ள நம்ம ஊட்டுக்கு வந்தா, நீ சாப்பிட்டு எந்திரிக்கற வரைக்கும் உன்ற மூஞ்சியவே பாத்துட்டு இருக்கும். இதுல ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே காணோம். எதுக்கு?"

இப்போது முழிப்பது என் முறை. எப்படித் தெரிந்தது, யாராவது சொன்னார்களா, இல்லை தட்டில் சோறு போட்டபடியே கண்டுபிடித்தாளா? கேட்க ஆயிரம் இருந்தது.

"எப்பருந்துங்கம்மா தெரியும்?"

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அது இருக்கட்டும். தெரிஞ்சப்ப கோவம் கோவமா வந்துச்சு. இப்பவும் எனக்கு முழுசாப் புரியல. உன்ற படமெல்லாம் போன்ல பாத்தேன். எல்லார்த்துகிட்டயும் போயி, உங்கம்மாவுக்குத் தெரியுமான்னு கேக்கற. என்றகிட்ட ஒரு நா வந்து சொன்னியா?"

குரல் உடைந்துவிட்டது அம்மாவுக்கு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயந்தது என்னவோ அவளுடைய கோபத்துக்குத்தான். அவள் காத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு அம்மா லேப்டாப்பை மூடினாள்.

"இது ரிஜெக்ட். உள்ளது உள்ளபடி எடுத்துட்டு வாங்க, சாவி தர்றேன்."

எழுந்தவள், ஏதோ ஞாபகம் வந்ததுபோல என்னவளிடம் திரும்பினாள்.

"நீயாச்சும் சொல்லு கண்ணு. கடைசில என்னாகுது?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஒரே ஊட்டுல ஒண்ணா இருக்கறாங்கம்மா."

"அப்ப அதையும் எடுங்க," என்றாள் அம்மா.